காலை எடுக்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி

தைப்பூசத்தன்று மாமா பால்குடம் எடுத்தார். சிங்கப்பூரின் சிராங்கூன் ரோடு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை, 3 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், வெறுங்காலில். இருபது வருஷமாகச் செய்துவரும் நேர்த்திக்கடன். அந்த முறை கிளம்பத் தாமதமாகி, வெயில் ஏறிய தார்ச்சாலையில் நடந்திருக்கிறார். வலது பெருவிரலுக்கு அடியில் கொப்புளம் வந்தது அவருக்குத் தெரியவே இல்லை. மூன்றாம் நாள் அத்தைதான் கூடத்துத் தரையில் ஈரத் தடம் பார்த்துக் கண்டுபிடித்தார். மஞ்சள் பத்துப் போட்டார்கள். அப்புறம் கடையில் வாங்கிய களிம்பு. இரண்டு வாரத்தில் விரல் நுனி கத்தரிக்காய்த் தோல் நிறத்துக்கு வந்துவிட்டது.

மருத்துவமனையில் முதல் நாள் எங்கள் காதில் விழுந்த சொல் 'ஆம்புடேஷன்'. அன்று இரவு மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, கால எடுத்துருவாங்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் ரத்தநாள மருத்துவர் வந்தார். கால்மாட்டில் நின்று, மாமாவின் புறங்காலில் இரண்டு விரலை வைத்து நாடி தேடினார். வெகுநேரம் தேடினார். பிறகு கணுக்காலின் உள்பக்கம் தேடினார். அங்கும் கிடைக்கவில்லை. "விரலை என்ன செய்வது என்று அப்புறம் பார்ப்போம். முதலில் கீழே ரத்தம் போகவேண்டும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் எழுபது வருஷத்து மருத்துவம் இருக்கிறது. உடலைத் திறக்காமல், ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டு, எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சிடி போன்ற படங்களை நேரலையாகப் பார்த்துக்கொண்டே நோயுள்ள இடத்துக்குப் போய்ச் சரிசெய்யும் மருத்துவம் அது. இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி என்பது அதன் பெயர். தமிழில் இடையீட்டுக் கதிரியல் என்கிறார்கள். வயிற்றில் மூன்று நான்கு துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி இதிலிருந்து வேறுபட்டது. அங்கே உறுப்பைக் கண்ணால் பார்த்து வெட்டுகிறார்கள். இங்கே கேமராவும் இல்லை, பெரும்பாலும் வெட்டும் இல்லை. உடம்பிலுள்ள ரத்தக் குழாய்களே பாதை, திரையிலுள்ள நிழற்படமே கண்.

இதற்கு அடித்தளம் போட்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வென் இவார் செல்டிங்கர். 1953இல் அவர் வெளியிட்ட முறை எவ்வளவு எளிமையானது என்றால், பாவாடைக்கு நாடா கோர்த்த எவருக்கும் சட்டென்று புரியும். ஊசியால் ரத்தநாளத்தைக் குத்து. ஊசியின் துளை வழியே மெல்லிய கம்பியை உள்ளே விடு. கம்பியை அங்கேயே வைத்துக்கொண்டு ஊசியை உருவிவிடு. அந்தக் கம்பிமேல் குழாயைக் கோர்த்து உள்ளே தள்ளு. அதற்கு முன்பு குழாய் செலுத்தவேண்டுமென்றால் தோலைக் கிழித்து நாளத்தை வெளியே எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் குழாயே நுழையும் அளவுக்குத் தடித்த ஊசியால் குத்தவேண்டும். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் கழுத்து ரத்தக்குழாயில் குழாய் போடும் மருத்துவரும், இதயத்துக்கு ஸ்டென்ட் வைப்பவரும் செல்டிங்கர் காட்டிய அதே வரிசையில்தான் வேலை செய்கிறார்கள்.

ஆனாலும் பத்து வருஷம் அந்த வழியைப் படம் பிடிக்க மட்டுமே பயன்படுத்தினார்கள். உள்ளே போய்விட்ட குழாயால் அங்கேயே வேலையையும் முடிக்கலாமே என்று சொன்னவர் அமெரிக்காவின் போர்ட்லண்டில் இருந்த சார்ல்ஸ் டாட்டர். 1964 ஜனவரி 16. அவரிடம் வந்தது 82 வயதுப் பாட்டி ஒருவர். பாத விரல்கள் அழுகிக்கொண்டிருந்தன. காலை எடுக்கவேண்டும் என்று அறுவை மருத்துவர்கள் சொல்ல, முடியாது என்று மறுத்துவிட்டார் பாட்டி. டாட்டர் தொடை நாளத்துக்குள் கம்பியை விட்டு, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று தடித்த குழாய்களை ஏற்றி, அடைப்பை விரித்தார். பாதம் சூடேறியது, வலி விட்டது. செத்த விரல்கள் உதிர்ந்துபோனாலும் கால் பிழைத்தது. இறக்கும்வரை, ஏறத்தாழ மூன்று வருஷம், அந்தப் பாட்டி சொந்தக் காலில் நடந்தார்.

டாட்டருக்கு உடனே மாலை மரியாதை கிடைத்துவிடவில்லை. அவருடைய மருத்துவமனையிலேயே ஓர் அறுவை மருத்துவர் எக்ஸ்ரே கேட்டு அனுப்பிய சீட்டில், 'படம் மட்டும் எடுங்கள், சரிசெய்ய முயலவேண்டாம்' என்று எழுதினார். கம்பிகளுக்காக கிட்டார் தந்தியையும் கார் வேகமானியின் கேபிளையும் பரிசோதித்துப் பார்த்த மனிதர் டாட்டர். 'கிறுக்கு சார்லி' என்ற பெயரும் வந்தது. ஐரோப்பாதான் அவரை முதலில் ஏற்றுக்கொண்டது. நெதர்லாந்தில் இன்றும் அடைப்பு எடுப்பதற்கு 'டாட்டரன்' என்றே வினைச்சொல். ஜெர்மானியரான ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் அந்தத் தடித்த குழாய்களுக்குப் பதிலாக ஊதி விரியும் பலூனைச் செய்தார். 1977 செப்டம்பர் 16 அன்று சூரிக்கில், விழித்திருந்த ஒரு மனிதரின் இதய நாளத்தை முதன்முதலாகப் பலூனால் விரித்தார். 'ஆஞ்சியோ பண்ணி பலூன் போட்டாங்க' என்று இன்று தேக்காவில் காப்பி குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொல்லிக்கொள்கிறோமே, அது வந்த வழி இது.

இந்த மருத்துவத்தைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்துவைத்திருக்கவேண்டும். காரணம் இனிப்புநீர். 2010இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையிலான இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலாய்க்காரர்களில் 16.6, சீனர்களில் 9.7. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. இந்தச் சின்ன நாட்டில் நீரிழிவினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 பேருக்குக் கால் அல்லது கால்விரல் எடுக்கப்படுகிறது என்பது பலமுறை வெளிவந்த கணக்கு. எங்கள் உறவுக்குள்ளேயே விரல் இழந்தவர்கள் இரண்டு பேர். உங்கள் உறவிலும் யாராவது இருப்பார்கள்.

நீரிழிவு காலை இரண்டு பக்கத்திலிருந்தும் அரிக்கிறது. ஒன்று, நரம்பு மரத்துப்போகிறது. சுடு தார் சுடுவதில்லை, முள் குத்துவதில்லை. இரண்டு, முழங்காலுக்குக் கீழே பாதத்துக்கு இறங்கும் மூன்று மெல்லிய தமனிகளின் சுவரில் சுண்ணாம்பு படிந்து, அவை அடைத்துப்போகின்றன. புகைபிடிப்பவர்களுக்குத் தொடையிலுள்ள பெரிய நாளம் அடைத்தால் நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கும். அந்த வலி ஓர் எச்சரிக்கை. நீரிழிவுக்காரருக்கோ வலியை உணரும் நரம்பே மரத்திருக்கும். அதனால் முதல் அறிகுறியே ஆறாத புண்ணாக வந்து நிற்கிறது. கையில் கட்டும் ரத்த அழுத்தப் பட்டையைக் கணுக்காலில் கட்டி அளக்கும் சோதனைகூட இவர்களிடம் பொய் சொல்லும். சுண்ணாம்பு ஏறிய குழாயைப் பட்டையால் அழுத்த முடியாது, அளவு நன்றாக இருப்பதுபோல் காட்டும். அதனால்தான் பெருவிரலில் தனியாக அழுத்தம் பார்க்கிறார்கள். அது 30 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே போனால் பாதம் பட்டினி கிடக்கிறது என்று பொருள்.

மருத்துவர் ஏன் 'விரலை அப்புறம் பார்ப்போம்' என்றார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ரத்தம் வராத பாதத்தில் விரலை வெட்டினால், வெட்டிய இடம் ஆறாது. ஆறாத இடம் மறுபடி அழுகும். பாதி பாதத்தை எடுப்பார்கள். அதுவும் ஆறாவிட்டால் முழங்காலுக்குக் கீழே. 'முதல்ல விரல் எடுத்தாங்க, அப்புறம் பாதம், அப்புறம் கால்' என்று நம் வீடுகளில் பெருமூச்சோடு சொல்லப்படும் வரிசையைப் பலர் விதி என்று நினைக்கிறோம். பல நேரங்களில் அந்த வரிசைக்குக் காரணம் கீழே ரத்தம் போகாததுதான். ஆகவே யார் காலுக்காக மருத்துவமனை போனாலும், எடுப்பது பற்றிய பேச்சு வந்தவுடன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'பாதத்துக்கு ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது? அதைத் திறக்க வழி உண்டா?' முதல் நாள் நாங்கள் அதைக் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எங்களுக்குத் தெரியாது.

மாமாவை ஆஞ்சியோ அறைக்குக் கொண்டுபோனது காலை ஒன்பது மணிக்கு. அவர் விழித்தே இருந்தார். தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி. அப்புறம் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு குழாய்வாய். அதன் வழியாக மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அளவுக் கம்பி ஒன்று தொடையிலிருந்து பாதம்வரை பயணம் போகிறது. அயோடின் கலந்த சாயத்தைச் செலுத்தும்போது காலுக்குள் வெந்நீர் இறங்குவதுபோல் இருந்தது என்றார் மாமா. கணினி, எலும்பின் நிழலைக் கழித்துவிட்டு ரத்தநாளத்தை மட்டும் திரையில் காட்டும். அடைப்பைக் கம்பி தாண்டுவதுதான் கஷ்டம். சுண்ணாம்பு கல்லாக இருக்கும், சில நேரம் ஒரு மணிநேரம்கூடப் பிடிக்கும். தாண்டிவிட்டால், 2, 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள நீளமான பலூனை அங்கே கொண்டுபோய் இரண்டு மூன்று நிமிஷம் ஊதி வைத்திருப்பார்கள். அந்த நிமிஷங்களில் கால் வலிக்கும். மரத்துப்போயிருந்த தன் பாதத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு வலித்ததை, மாமா ஏதோ நல்ல சேதி போல எங்களிடம் சொன்னார்.

பிறகு மருத்துவர் இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டினார். முதல் படத்தில் முழங்காலுக்குக் கீழே மூன்று கிளையில் ஒன்றுதான் தெரிந்தது, அதுவும் பாதி வழியில் மறைந்துபோனது. அதற்குக் கீழே வாய்க்கால் வற்றிய வயல்போல வெறும் சாம்பல் நிறம். இரண்டாவது படத்தில் இரண்டு கோடுகள் கணுக்காலைத் தாண்டிப் பாதத்துக்குள் இறங்கி, விரல்களின் அடியில் வேர்போலப் பிரிந்திருந்தன. அந்தப் படத்தைக் கைப்பேசியில் இன்னும் வைத்திருக்கிறேன்.

பெருவிரல் பிழைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அறுவை மருத்துவர் அதை எடுத்தார். ஆனால் வெட்டிய விளிம்பில் ரத்தம் கசிந்தது, அதைப் பார்த்து அவர் மகிழ்ச்சியோடு தலையாட்டினாராம். காயம் ஆற மூன்று மாதம் ஆனது. ஒரு விரலோடு நின்றது.

கத்தியும் குழாயும் எதிரிகள் என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் கால் நாளத்துக்குப் பலூன் போடுபவர்களில் இடையீட்டுக் கதிரியல் மருத்துவர்களும் உண்டு, ரத்தநாள அறுவை மருத்துவர்களும் உண்டு. கத்தி பிடிக்கும் அதே கை காலையில் கம்பியைப் பிடிக்கும். எந்த வழி நல்லது என்பதை உலகம் இன்னும் விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறது. 2022இல் வெளிவந்த பெஸ்ட்-சிஎல்ஐ என்ற ஆய்வில் 1,830 பேர் பங்கேற்றார்கள். காலில் நல்ல சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் நாளம்) இருந்து, அதை எடுத்து மாற்றுவழி தைக்கும் பைபாஸ் அறுவை செய்தவர்களுக்குப் பலூன் போட்டவர்களைவிடக் கால் நன்றாகத் தப்பியது. அடுத்த வருஷமே பிரிட்டன் முன்னின்று நடத்திய பேசில்-2 ஆய்வு, முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ள 345 பேரிடம் நேர்மாறாகக் கண்டது: பலூனில் தொடங்கியவர்களே நன்றாக இருந்தார்கள். இரண்டும் நேர்மையான ஆய்வுகள்தான். நோயாளிகள் வேறு, அடைப்பின் இடம் வேறு. ஆகவே 'ஆபரேஷன் இல்லாமல் முடியுமா' என்று மட்டும் கேட்டால் பாதிதான் கேட்டிருக்கிறோம். 'என் காலுக்கு, என் வயதுக்கு, என் இதயத்துக்கு எது தோது, ஏன்?' என்பதுதான் முழுக் கேள்வி.

இன்னொரு பேச்சும் எனக்கு வருத்தம் தருகிறது. 'வெறும் ஊசிதான், ஆபரேஷன் இல்ல' என்று நம் ஆட்கள் சொல்லிக்கொள்வது. துளை சின்னதாக இருக்கலாம், உள்ளே நடந்தது சின்ன வேலை இல்லை. குத்திய இடத்தில் ரத்தம் கட்டலாம். பல மணிநேரம் காலை மடக்காமல் படுத்திருக்கச் சொல்வது அதற்காகத்தான். அயோடின் சாயம் ஏற்கனவே பலவீனமான சிறுநீரகத்தை இன்னும் நோகடிக்கலாம். அதனால்தான் முன்கூட்டியே கிரியேட்டினின் என்ற சிறுநீரக ரத்தச் சோதனை பார்க்கிறார்கள், சிலருக்கு மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையைச் சில நாள் நிறுத்தச் சொல்கிறார்கள், சிலருக்குச் சாயத்துக்குப் பதில் கரியமில வாயுவைச் செலுத்திப் படம் எடுக்கிறார்கள். கதிர்வீச்சும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், விரித்த நாளம் மறுபடி ஒடுங்கும். சில மாதத்திலேயே ஒடுங்கலாம். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் மாத்திரைகளை 'வயிற்றைப் புரட்டுகிறது' என்று தானாக நிறுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். காயம் வெளியே தெரியாததால் குணமாகிவிட்டோம் என்று மனம் நம்பிவிடுகிறது. வயிற்றில் முப்பது தையல் இருந்திருந்தால் நாமே பத்தியம் இருந்திருப்போம்.

கால் மட்டுமல்ல. கையிலும் இதே கதை நடக்கிறது, இன்னும் அமைதியாக. சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்கள் மூவரில் இருவருக்குக் காரணம் நீரிழிவு. வாரம் மூன்று நாள், தடவைக்கு நான்கு மணிநேரம் ரத்தச் சுத்திகரிப்பு, அதாவது டயாலிசிஸ். அதற்காக முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஒரு ஃபிஸ்டுலா செய்கிறார்கள்; நியூயார்க்கில் பிரெஸ்சியாவும் சிமினோவும் 1966இல் வெளியிட்ட முறை. அதன்மேல் விரல் வைத்தால், மடியில் படுத்த பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு தெரியும். டயாலிசிஸ் போகும் பெரியவர்களுக்கு அந்தக் கைதான் உயிர்நாடி. அதில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கவிடமாட்டார்கள், மார்க்கெட் பையைத் தொங்கவிடமாட்டார்கள். அந்த இணைப்பும் ஒடுங்கும். ஒடுங்கினால் பலூன்தான் பெரும்பாலும் முதல் வழி. அன்றே வீடு திரும்பிவிடலாம். அடிக்கடி ஒடுங்குபவர்களுக்காக மருந்து தடவிய பலூன்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றிலுள்ள சிரோலிமஸ் என்ற மருந்து, 1964இல் கிளம்பிய கனடாவின் ஆய்வுக்குழு ஈஸ்டர் தீவிலிருந்து எடுத்துவந்த மண்ணிலுள்ள ஒரு கிருமியிலிருந்து கிடைத்தது. அதைப் பிரித்தெடுத்தவர்களில் முக்கியமானவர், பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த சுரேன் சேகல். அந்த மருந்து தடவிய பலூனை ஃபிஸ்டுலாவிலும் கால் நாளங்களிலும் பரிசோதித்து உலகுக்கு முடிவு சொன்னவர்களில் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை மருத்துவர்களும் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் கைகளுக்காக உள்ளூரிலேயே நடக்கும் ஆராய்ச்சி அது. நாம் இன்னும் பெருமையாகப் பேசவேண்டிய விஷயம்.

ஃபிஸ்டுலா உள்ளவர்கள் தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்க்கவேண்டும். அதிர்வு குறைந்தாலோ நின்றாலோ, அடுத்த டயாலிசிஸ்வரை காத்திருக்காமல் அன்றே நிலையத்துக்குச் சொல்லவேண்டும். உறைந்த ரத்தம் புதிதாக இருக்கும்போதுதான் குழாய் வழியாக எடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

குழாயின் வேலை எப்போதும் திறப்பது இல்லை. மூடுவதற்கும் அதே வழி. கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி உள்ள பெண்களுக்கு இது பெரிய விஷயம், நாம் மிகக் குறைவாகப் பேசும் விஷயமும்கூட. பாரிஸில் ஜாக் ரவினா என்ற மருத்துவர், கட்டியை அறுக்கும்போது ரத்தப்போக்கு குறையட்டும் என்று முன்கூட்டியே கட்டிக்குப் போகும் தமனியை அடைத்துவந்தார். அறுவைக்குக் காத்திருந்த பெண்கள் சிலர், வலியும் ரத்தப்போக்கும் நின்றுவிட்டன, இனி எதற்கு அறுவை என்று கேட்டார்கள். 1995இல் அதை அவர் வெளியிட்டபோது புதிய சிகிச்சை ஒன்று பிறந்தது. மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ குழாயை நுழைத்து, ரவையைவிடச் சின்ன துகள்களைக் கர்ப்பப்பைத் தமனிக்குள் விடுகிறார்கள். ரத்தம் கிடைக்காத கட்டி சுருங்குகிறது. முதல் நாள் வலி கடுமையாக இருக்கும், அதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஓரிரு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிடலாம்.

நெதர்லாந்தில் நடந்த ஆய்வொன்றில், இந்தச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பத்து வருஷம் கழித்தும் கர்ப்பப்பையை எடுக்கவேண்டி வரவில்லை. மீதி ஒரு பங்கினருக்கு எடுக்கவேண்டி வந்தது. இனிமேல் குழந்தை வேண்டும் என்பவர்களுக்குக் கட்டியை மட்டும் அறுத்தெடுப்பதையே மருத்துவர்கள் பெரும்பாலும் பரிந்துரைப்பார்கள். 2020இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வும், கட்டியை அறுத்தெடுத்தவர்களே இரண்டு வருஷம் கழித்துக் கூடுதல் நிம்மதியோடு இருந்ததாகக் கண்டது. எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. ஆனால், 'ரெண்டு பிள்ள பெத்தாச்சு, இனி கர்ப்பப்பை எதுக்கு, எடுத்துப்போடு' என்று மாமியாரும் அக்காவும் சொல்லி முடித்துவிடும் இடத்தில், மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியவேண்டும். அது அவளுடைய உடம்பு.

கல்லீரல் புற்றுநோயிலும் இதே அடைக்கும் தந்திரம், இயற்கை தந்த ஒரு வசதியோடு. ஆரோக்கியமான கல்லீரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் குடலிலிருந்து வரும் சிரை வழியாக வருகிறது. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனியிலிருந்தே உறிஞ்சுகிறது. ஆகவே தமனி வழியாக மருந்தையோ கதிரியக்கத் துகள்களையோ அனுப்பினால் கட்டிக்கே அதிகம் போய்ச் சேரும். இட்ரியம்-90 என்ற கதிரியக்கத் துகள்களை மாத்திரை மருந்தோடு ஒப்பிட்டு, சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் பேராசிரியர் பியர்ஸ் சௌ தலைமையில் ஆசிய பசிபிக் வட்டாரத்தில் 360 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஆயுள் கூடியதாகக் காட்ட முடியவில்லை; ஆனால் கடும் பக்கவிளைவுகள் 50.6 விழுக்காட்டிலிருந்து 27.7 விழுக்காடாக இறங்கின. மிச்சமிருக்கும் மாதங்களை எப்படிக் கழிக்கிறோம் என்பதும் சிகிச்சைதான்.

பக்கவாதத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம். மூளைக்குப் போகும் பெரிய நாளம் அடைத்தால், தொடையிலிருந்து குழாய் அனுப்பி அந்த ரத்தக்கட்டியை வெளியே இழுத்துவிட முடியும் என்று 2015இல் ஐந்து ஆய்வுகள் அடுத்தடுத்து நிரூபித்தன. ஆனால் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. வாய் கோணினாலோ, கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே ஆம்புலன்ஸுக்கு 995. வெளிநாட்டு ஊழியர் விடுதியில் தங்கியிருக்கும் தம்பிகள் இதை ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துக்கொள்ளவேண்டும். 'தூங்கி எழுந்தா சரியாயிடும்' என்ற பேச்சு மட்டும் வேண்டாம்.

செலவைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் அரசு மருத்துவமனைச் சிறப்பு மருத்துவரிடம் மானியக் கட்டணம். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புப் பணத்தையும், 2015 முதல் குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாரையும் உள்ளடக்கும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியையும் தங்கும் சிகிச்சைக்கு மட்டுமன்றி பகல்நேர அறுவைச் சிகிச்சைக்கும் பயன்படுத்தலாம். உங்கள் சிகிச்சைக்கு எவ்வளவு வரை என்பதை மருத்துவமனையின் கட்டண ஆலோசகரிடம் முன்கூட்டியே கேட்டு, மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கையைக் கடித்தால் மருத்துவச் சமூக சேவையாளரைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு முதலாளி எடுக்கவேண்டிய மருத்துவக் காப்புறுதி, 2023 ஜூலை முதல் வருஷத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. மொழி புரியாவிட்டால் தமிழ் தெரிந்த தாதியைக் கூப்பிடச் சொல்லிக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன் புரிந்துகொள்வது நம் உரிமை.

அதற்கெல்லாம் முன்னால், பலதுறை மருந்தகத்தில் நீரிழிவுக்காரர்களுக்கு வருஷந்தோறும் பாதப் பரிசோதனை செய்கிறார்கள். மரத்திருக்கிறதா என்று ஒரு நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள், நாடி பார்ப்பார்கள். கால் மணிநேர வேலை. மாமா மூன்று வருஷமாக அதற்குப் போகவில்லை. "காலுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கு" என்று தள்ளிப்போட்டிருக்கிறார்.

இப்போது அவர் கட்டிலுக்கு அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறது. இரவு படுக்கும் முன் அதைத் தரையில் வைத்து, அதன்மேல் பாதத்தைக் காட்டிப் பார்க்கிறார். ஆறாம் மாத அல்ட்ராசவுண்டில், திறந்துவிட்ட நாளத்தில் ஓரிடம் மறுபடி ஒடுங்கியிருப்பது தெரிந்தது. இந்த முறை புண் இல்லை, கறுப்பு இல்லை, பாதம் சூடாக இருக்கிறது. இன்னொரு பலூன் போடத் தேதி கொடுத்திருக்கிறார்கள். நான் லீவு போட்டுக் கூட வருகிறேன் என்றேன். "எதுக்கும்மா, ஈசூன்ல எம்ஆர்டி ஏறுனா நானே போயிருவேன்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "சாயம் விடறதுக்கு முன்னால கிரியேட்டினின் பாக்கணும்ல, அத மட்டும் ஞாபகப்படுத்து" என்றார்.